லண்டன் வீடு வாடகையில, நாங்கள் கொழும்பில: ஸ்மோக் அலாம், சிஓ அலாம் பற்றி அடிக்கடி கேக்கிற கேள்விகள்

வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கைக்குள்ள மட்டும் நாலு குடும்பத்துக்கு இங்கிலாந்தில ஒரு வீடு இருக்கு. ஒராள் முப்பது வருஷம் அங்க வேலை செய்து பென்ஷனோட திரும்பி வந்தவர், இன்னொராளுக்கு தமையன்ர வீட்டில பாதிப் பங்கு, இப்பிடி. எனக்கும் கிழக்கு லண்டன்ல ஒரு சின்ன டெரஸ் வீடு இருக்கு, தங்கச்சியோட கூட்டா வாங்கினது, இப்ப வாடகையில. 2023ல அந்த வீட்டால எனக்கு ஒரு கடிதம் வந்தது (கதை கீழ இருக்கு), அதுக்குப் பிறகுதான் இந்த ஸ்மோக் (புகை) அலாம், சிஓ (கார்பன் மொனொக்சைட் எண்ட மணமில்லாத நச்சு வாயு) அலாம் விஷயத்தை ஒழுங்கா இருந்து படிச்சன். படிச்ச குற்றத்துக்கு இப்ப கோயிலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆரோ ஒராள் மூலைக்குள்ள கூட்டிக்கொண்டு போய் இதையே கேக்கினம். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் நோகுது, அதால கேக்கிற கேள்வியளை அப்பிடியே போட்டு பதில் எழுதியிருக்கிறன். பிள்ளையள் அங்க வாடகைக்கு இருக்கிற தாய் தேப்பனுக்கும் கடைசிப் பக்கமா விஷயம் இருக்கு.

நான் இருக்கிறது கொழும்பில. இங்கிலாந்துச் சட்டம் என்னை என்ன செய்யும்?

வீடு எங்க நிக்குதோ அந்த இடத்துச் சட்டம்தான். நீங்கள் வெள்ளவத்தையில இருந்தாலும் சரி மெல்பேர்ன்ல இருந்தாலும் சரி, அந்த வீட்டை வாடகைக்கு விட்டது நீங்கள் எண்டா கடமையும் உங்கடதான். வீட்டுக்காரர் வெளிநாட்டில இருந்தா விலக்கு எண்டு ஒரு வரியும் அதில இல்ல, நான் தேடிப் பாத்தனான்.

சரி, சட்டம் என்னதான் சொல்லுது? சுருக்கமா சொல்லுங்கோ

இங்கிலாந்துக்கு 2015ல ஸ்மோக் அண்ட் கார்பன் மொனொக்சைட் அலாம் ரெகுலேஷன்ஸ் எண்டு ஒண்டு வந்தது, அந்த வருஷம் ஒக்டோபர் 1ல இருந்து நடைமுறை. பிறகு 2022 ஒக்டோபர் 1ல இருந்து அதை இன்னும் இறுக்கினவை. இப்ப இருக்கிற நிலைமை இதுதான்: ஆக்கள் இருக்கிற ஒவ்வொரு மாடியிலயும் குறைஞ்சது ஒரு ஸ்மோக் அலாம் வேணும், காஸோ எண்ணெயோ விறகோ எரியிற, பூட்டி வச்ச சாமான் இருக்கிற அறையில சிஓ அலாம் வேணும், புதுசா ஆக்கள் குடிவாற அண்டைக்கு ரெண்டையும் ரெஸ்ற் பண்ணி வேலை செய்யுதெண்டு பாத்திருக்க வேணும், பிறகு இடையில பழுதெண்டு அவை சொன்னா திருத்த அல்லது மாத்த வேணும். அவ்வளவுதான், ஆனா இந்த அவ்வளவுக்குள்ளதான் எல்லாரும் வழுக்கி விழுறது.

2022க்கு முதல் சிஓ அலாம் விறகு, கரி எரிக்கிற சாமானுக்கு மட்டும்தான் கட்டாயம். காஸ் பொயிலர் (வீட்டைச் சூடாக்கி சுடுதண்ணியும் தாற மெஷின்) அதுக்குள்ள வரேல்ல. கனபேரின்ர மண்டைக்குள்ள இப்பவும் அந்தப் பழைய சட்டம்தான் ஓடுது, "எங்கட வீட்டில அடுப்புக்கரி இல்லையே" எண்டு கேக்கினம். அது முடிஞ்ச கதை.

ஒவ்வொரு மாடியிலயும் எண்டா எப்பிடி எண்ணுறது? மேல பாத்ரூம் மட்டும்தான் இருக்கு

பாத்ரூம், ரொய்லெற்றையும் ஆக்கள் பாவிக்கிற அறையாத்தான் அந்தச் சட்டம் எடுக்குது, அதால மேல பாத்ரூம் மட்டும் இருந்தாலும் அந்த மாடிக்கு ஒரு ஸ்மோக் அலாம் வேணும். ஹோலும் லாண்டிங்கும் (படியேறினவுடன மேல இருக்கிற இடம்) கூட அறைக் கணக்குத்தான். சாதாரண ரெண்டு மாடி டெரஸ் வீடெண்டா கீழ ஹோல்ல ஒண்டு, மேல லாண்டிங்கில ஒண்டு. லொஃப்றை (கூரைக்குக் கீழ இருக்கிற இடத்தை) அறையாக்கி ஆரும் படுக்கினமெண்டா அங்கயும் ஒண்டு. ஃபிளாட் எண்டா உங்கட கதவுக்கு உள்ளுக்கு ஒண்டு வேணும், வெளியில பொதுப் படிக்கட்டில கட்டிடக்காரர் போட்ட அலாம் உங்கட கணக்கில சேராது.

சிஓ அலாம் எங்க எங்க? என்ர வீட்டில காஸ் குக்கர் மட்டும் இருக்கு

காஸ் குக்கரை மட்டும் சட்டம் விட்டிருக்கு. சமைக்கிற அடுப்பு மட்டும்தான் இருக்கு, ஹீற்றிங் எல்லாம் கரண்டில எண்டா சிஓ அலாம் கட்டாயமில்ல, ஆனா நான் எண்டா போடுவன், இருபது பவுண் சொச்சம் போற சாமானுக்கு கணக்குப் பாக்கிறதில அர்த்தமில்ல.

பொயிலர் இருக்கிற அறை, காஸ் ஃபயர் இருக்கிற அறை, விறகு ஸ்ரோவ் இருக்கிற அறை, இதுகளுக்கு கட்டாயம். ஒரு வீட்டுக்கு ஒண்டு எண்ட கணக்கு இல்ல, சாமான் இருக்கிற அறைக்கு ஒண்டு. எங்கட வீட்டில பொயிலர் குசினி கபேட்டுக்குள்ள, முன் அறையில பழைய காஸ் ஃபயர், அப்ப ரெண்டு வேணும். நான் முதல்ல ஒண்டுதான் வாங்கிக் குடுத்தனான், பிறகு திருப்பிப் படிக்கேக்கதான் விளங்கினது.

முன் அறையில சும்மா அழகுக்கு இருக்கிற, அடைச்சு விட்ட பழைய நெருப்பிடம் எண்டா அது கணக்கில்ல. அதுபோல அங்க இங்க தூக்கி வைக்கிற ஹீற்றரும் கணக்கில்ல, பூட்டி வச்ச சாமானுக்குத்தான் சட்டம்.

எந்த இடத்தில பூட்டுறது? ஏஜென்ற் ரெண்டையும் சீலிங்கில ஒட்டிட்டுப் போட்டார்

சட்டத்தில இத்தனை அங்குலம் தள்ளி எண்டு இல்ல, கொம்பனி தாற பேப்பரைப் பாக்கச் சொல்லுறாங்கள். பொதுவா, ஸ்மோக் அலாம் சீலிங்கில, ஹோல் அல்லது லாண்டிங்கின்ர நடுவுக்குக் கிட்ட, சுவரில இருந்தும் லைற்றில இருந்தும் ஒரு 30 சென்ரிமீற்றராவது தள்ளி. புகை மேல போகும் எண்டதால சீலிங்.

சிஓ அப்பிடி இல்ல. அது காத்தை விட ஒரு துளிதான் பாரம் குறைவு, அதால அறை முழுக்கக் கலந்து நிக்கும். சிஓ அலாமை சுவரிலயோ தட்டிலயோ ஒராளின்ர தலை உயரத்துக்கு வைக்கச் சொல்லுறாங்கள், பொயிலரில இருந்து 1 முதல் 3 மீற்றர் தள்ளி. கபேட்டுக்குள்ள பொயிலருக்குப் பக்கத்திலயே செருகி வைக்கிறது, கேட்டினுக்குப் பின்னால வைக்கிறது, யன்னலடியில வைக்கிறது எல்லாம் பிழை. நான் பாத்த ஒரு வீட்டில சாமிப் படத்துக்குப் பின்னால இருந்தது, அறையின்ர வடிவு கெட்டுப் போகுமாம்.

குசினியில ஸ்மோக் அலாம் போட்டா கருவாடு பொரிக்கேக்க எல்லாம் கத்துது. கழட்டலாமோ?

இதுதான் என்ர கதை, கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

2023 ஜனவரியில புதுக் குடும்பம் ஒண்டு எங்கட வீட்டுக்கு வந்தது, எங்கட ஊர் ஆக்கள்தான், நல்ல சனம். ஏஜென்றிட்ட கேட்டன், அலாம் எல்லாம் சரியோ எண்டு, "ஓல் டன்" எண்டு மெசேஜ் வந்தது, நான் நம்பிட்டன். ரெண்டு மாசத்தால பாத்ரூம் சுவர் ஈரம் எண்டு அவை கவுன்சிலுக்கு (எங்கட நகரசபை மாதிரி) சொல்ல, பாக்க வந்த ஒஃபிசர் ஈரத்தையும் பாத்து அண்ணாந்து சீலிங்கையும் பாத்திருக்கிறார். மேல லாண்டிங்கில அலாமின்ர அடித் தட்டு மட்டும் ஒட்டியிருக்கு, அலாம் இல்ல. கடிதம் எனக்கு வந்தது.

உடன வீடியோ கோல் எடுத்தன். அந்த அக்கா குசினி லாச்சியைத் திறந்து ஒரு சொப்பிங் பாக்கை எடுக்கிறா, அதுக்குள்ள எங்கட ஸ்மோக் அலாம், பற்றரி கழட்டி, ரெண்டு ரப்பர் பாண்ட் போட்டுச் சுத்தி பத்திரமா வச்சிருக்கு. ஏன் அக்கா எண்டு கேட்டா, செத்தல் மிளகாய் தாளிக்கிற நேரமெல்லாம் கத்துது தம்பி, கைக்குழந்தை எழும்பிடுது எண்டா. லாச்சிக்குள்ள இருந்த கீழ்மாடி அலாமைத்தான் அவ கழட்டினவவாம், மேல உள்ளதை முதல் இருந்தவை கழட்டிட்டுப் போனதாம். அப்ப மேல உள்ளது அவை வர முதலே இல்ல. கீழ உள்ளதும் லாச்சிக்குள்ள. ஆக மொத்தத்தில வீட்டில பூட்டின அலாம் ஒண்டும் இல்ல, ஏஜென்ற்ர மெசேஜில மட்டும் எல்லாம் டன்.

அதால பதில்: கழட்டக் கூடாது, இடத்தை மாத்துங்கோ. குசினிக்குள்ள ஸ்மோக் அலாம் தேவையில்ல, ஹோல்ல குசினிக் கதவுக்குத் தள்ளிப் போடலாம். அலாமில ரெண்டு சாதி இருக்கு. பழைய அயனைசேஷன் சாதிக்குள்ள அமெரிசியம் 241 எண்ட கதிரியக்கச் சாமான் துளியளவு இருக்கும், அது சமையல் புகைக்கும் கருகின பாணுக்கும் சும்மா சும்மா கத்தும். ஒப்ரிக்கல் சாதி லைற்றை வச்சுப் புகையைப் பிடிக்கிறது, குசினிக்குக் கிட்ட இருக்கிற ஹோலுக்கு இதுதான் நல்லம். குசினிக்குள்ளயும் ஏதாவது வேணுமெண்டா ஹீற் அலாம் போடுங்கோ, சூட்டுக்குத்தான் அடிக்கும் தாளிதத்துக்கு அடிக்காது. ஆனா ஹீற் அலாம் போட்டிட்டு அந்த மாடிக்கு ஸ்மோக் அலாம் போட்டாச்சு எண்டு சொல்லேலாது, ஒண்டுக்கு மற்றது ஈடில்ல.

சாம்பிராணி, கற்பூரம்?

அலாமுக்கு நேர கீழ நிண்டு காட்டாட்டிச் சரி. பால் காய்ச்சுற அண்டைக்கு ஒரு யன்னலைத் திறந்து விடுங்கோ. துணியால மூடிக் கட்டிட்டு பிறகு அவிழ்க்க மறந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

குடிவாற அண்டைக்கே ரெஸ்ற் பண்ண வேணுமாம், நான் இங்க இருந்துகொண்டு எப்பிடி?

நீங்களே கதிரை போட்டு ஏறத் தேவையில்ல, உங்கட சார்பில ஆரும் செய்யலாம், ஏஜென்றோ மருமகனோ. ஆனா வாடகை தொடங்குற அந்த நாளில செய்ய வேணும், முதல் கிழமை பெயின்ற் அடிக்கேக்க பாத்தனாங்கள் எண்டது சரி வராது. பெயின்ற் எண்டதும் ஞாபகம் வருது, அலாமுக்கு மேலயே வெள்ளை அடிச்சு, ஓட்டையெல்லாம் அடைஞ்சு, அமத்தினாலும் சத்தம் வராமப் போன வீடும் இருக்கு.

நான் இப்ப செய்யிறது: திறப்பு குடுக்கிற அண்டைக்கு தங்கச்சியின்ர மகன் போவான், ஒவ்வொரு அலாமையும் அமத்தி சத்தம் கேக்கிற மாதிரி வீடியோ எடுப்பான், அதில திகதியும் வாயால சொல்லுவான். சாமான் லிஸ்ற்றில ஒரு வரி, கீழ் ஹோல் ஸ்மோக் வேலை செய்யுது, மேல் லாண்டிங் ஸ்மோக் வேலை செய்யுது, குசினி சிஓ, முன் அறை சிஓ எண்டு எழுதி, குடிவாறவர் கையெழுத்து. நாளைக்கு கவுன்சில் கேட்டா காட்டுறதுக்கு இதுதான் இருக்கு. கையெழுத்து கட்டாயம் எண்டு சட்டத்தில இல்ல, நான் சூடு கண்ட பூனை.

அதே ஆக்கள் அதே வீட்டில அக்ரிமெண்ட்டை மட்டும் புதுப்பிச்சா அது புது வாடகைக் கணக்கில்ல, அந்த நாள் ரெஸ்ற் திரும்ப வராது. அலாம் வாடகைக் காலம் முழுக்க இருக்க வேணும் எண்டது மட்டும் மாறாது.

பற்றரி மாத்துறது ஆர்? மாசா மாசம் அமத்திப் பாக்கிறது ஆர்?

குடிவந்த பிறகு அப்பப்ப அமத்திப் பாக்கிறதும் பற்றரி மாத்துறதும் இருக்கிறவையின்ர வேலை எண்டுதான் அங்கத்தய அரசாங்க வழிகாட்டி சொல்லுது. பற்றரி மாத்தியும் வேலை செய்யேல்ல, அல்லது அவையால மாத்தேலாத சாதி எண்டா வீட்டுக்காரருக்குச் சொல்ல வேணும், சொன்னவுடன வீட்டுக்காரர் இயன்றளவு கெதியா திருத்த அல்லது மாத்த வேணும். இது 2022ல புதுசா வந்த பகுதி. அதுக்கு முதல் குடிவந்த நாளோட கடமை முடிஞ்சுது எண்டு இருந்த ஆக்கள் கனபேர்.

என்னைக் கேட்டா, பற்றரி கழட்டேலாத, பத்து வருஷம் வாற சீல் பண்ணின சாதியை வாங்கிப் போடுங்கோ. ரீவி ரிமோட்டுக்கு பற்றரி முடிஞ்சா முதல்ல கை போறது அலாமுக்குத்தான்.

பிப்… பிப்… எண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா கத்துது, வீடு எரியுதோ?

இல்ல, பற்றரி முடியுது, அல்லது அலாமுக்கே வயசு போட்டுது. பின்பக்கம் மாத்த வேண்டிய திகதி அடிச்சிருக்கும். ஸ்மோக் அலாம் பொதுவா பத்து வருஷம், சிஓ அலாம் சாதியைப் பொறுத்து அஞ்சில இருந்து பத்து. 2015ல சட்டம் வந்த சூட்டோட வாங்கிப் போட்டவை கையோட ஏறிப் பாருங்கோ, அதுகள் எல்லாம் காலாவதி.

வாடகைக்காரர் தாங்களே கழட்டிப் போட்டா நானோ பொறுப்பு?

குடிவந்த அண்டைக்கு இருந்தது, வேலை செய்தது எண்டு காட்ட ஏலுமெண்டா நீங்கள் பாதி தப்பினீங்கள். மற்றப் பாதி, தெரிய வந்தவுடன என்ன செய்தீங்கள் எண்டது. கவுன்சில் சொன்ன பிறகு பூட்டப் போனா அவை கதவு திறக்கினமில்ல எண்டா, நியாயமா செய்யக்கூடிய எல்லாம் செய்த வீட்டுக்காரரை பிழைகாரர் எண்டு எடுக்கிறதில்ல, கோர்ட்டுக்குப் போய்த்தான் உள்ளுக்குப் போக வேணும் எண்டும் சட்டம் எதிர்பார்க்கேல்ல. ஆனா எழுத்தில இருக்க வேணும். எத்தினையாம் திகதி வாறம் எண்டு கேட்ட மெசேஜ், வேண்டாம் எண்ட பதில், எல்லாத்தையும் வையுங்கோ. போன்ல கதைச்சது காத்தோட போயிடும்.

தம்பிதான் அங்க எல்லாம் பாக்கிறார் / ஏஜென்ற் பாக்கிறார்

பாக்கட்டும். கடமை "நேரடி வீட்டுக்காரர்" ஆரோ அவருக்கு. ஏஜென்றுக்கு மாசம் பத்து வீதம் குடுத்தாலும் கவுன்சில்காரர் கடிதம் எழுதுறது உங்கட பேருக்கு, ஏஜென்றோட சண்டை பிடிக்கிறது உங்கட தனிப் பாடு. என்ர ஏஜென்றிட்ட கேட்டன், நீ டன் எண்டு எழுதினியே எண்டு. "அது முந்தின ரெனன்சிக்கு (முதல் இருந்தவையின்ர வாடகைக்கு)" எண்டார்!

இதில எங்கட சனத்துக்குள்ள நடக்கிற ஒரு விஷயத்தையும் சொல்ல வேணும். முழு வீட்டையும் ஒராள் உங்களிட்ட வாடகைக்கு எடுத்து, பிறகு அறை அறையா வேற ஆக்களுக்குக் குடுக்கிறது. அப்ப அந்த அறைக்காரருக்கு நேரடி வீட்டுக்காரர் நடுவில நிக்கிற ஆள், பொறுப்பு அவருக்கும் போகுது. அதுக்காக நீங்கள் நிம்மதியா படுக்கேலாது, ஏனெண்டா வேற வேற குடும்பத்து ஆக்கள் அஞ்சு பேர் அல்லது கூட குசினி பாத்ரூமைப் பங்கு போட்டு இருந்தா அது லைசன்ஸ் எடுக்க வேண்டிய வீடு, சில கவுன்சில்களில அஞ்சுக்குக் குறைஞ்சாலும் எடுக்க வேணும். லைசன்ஸ் எடுத்த வீட்டுக்கு இந்த 2015 சட்டம் நேரா வராது, ஆனா லைசன்ஸ் நிபந்தனையிலயே அலாம் இருக்கும், அது இதை விடக் கடுமையாவும் இருக்கலாம்.

அறை ஒண்டை மட்டும் குடுத்திட்டு நாங்களும் அதே வீட்டில இருக்கிறம்

வீட்டுக்காரரோ அவரின்ர குடும்பமோ அதே வீட்டில ஒண்டா இருந்து, குசினி, பாத்ரூம் மாதிரி இடத்தைப் பங்கு போட்டா இந்தச் சட்டத்துக்குள்ள வராது. ஸ்ருடன்ற் ஹோல், ஹொஸ்ரல், கெயர் ஹோம், 7 வருஷமோ கூடவோ போற நீண்ட லீஸ், இதுகளும் வெளியில. நெருப்புக்கு இந்த விலக்கு தெரியாது எண்டதையும் யோசியுங்கோ.

போடாம விட்டா என்ன நடக்கும்?

முதல்ல கவுன்சில் ரெமீடியல் நோட்டிஸ் எண்டு ஒண்டு அனுப்பும், எந்த வீடு, என்ன குறை, என்ன செய்ய வேணும் எண்டு எழுதி. அது சட்டப்படி சேர்ப்பிச்ச நாள்ல இருந்து 28 நாள் உங்களுக்கு, உங்கட கைக்கு வந்த நாள்ல இருந்து இல்ல. அதுக்குள்ள செய்திட்டா விஷயம் முடிஞ்சுது, பிழை எண்டு நினைச்சா அதே 28 நாளுக்குள்ள மறுத்து எழுதலாம். செய்யாட்டி கவுன்சிலே, குடியிருக்கிறவை சம்மதிச்சா, ஆள் அனுப்பி பூட்டும், உங்களுக்கு 5,000 பவுண் வரைக்கும் தண்டம் போடலாம். அதுக்கு எதிரா ட்ரிபியூனலுக்கு (கோர்ட் மாதிரி விசாரிக்கிற இடம்) போக வழி இருக்கு.

கொழும்பில இருக்கிறவைக்கு இந்த 28 நாள்தான் கண்டம். நோட்டிஸ் லண்டன் விலாசத்துக்குப் போய், அங்க வாடகைக்கு இருக்கிற பிள்ளை ராடியேற்றருக்கு மேல வச்சு மறந்து, பிறகு போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில போட, நீங்கள் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிக்கேக்க மூண்டு கிழமை போயிருக்கும். என்ர கடிதம் என்ர கைக்கு வந்தது பத்தொன்பதாம் நாள். மருமகன் அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டு எல்லாத்தையும் வாங்கிப் பூட்டி, வீடியோவை நான் கவுன்சிலுக்கு அனுப்பினன், தண்டமில்லாமத் தப்பினன். அலாம் நாலும் சேர்த்து நூறு பவுணுக்குள்ள முடிஞ்சுது. அப்ப பிடிச்சு கவுன்சிலிட்டயும் ஏஜென்றிட்டயும் என்ர ஈமெயிலைக் குடுத்து வச்சிருக்கிறன்.

வருஷா வருஷம் காஸ் சேர்டிஃபிகேற் எடுக்கிறம், அது போதாதோ?

அது வேற, இது வேற. காஸ் செக் 1998ம் ஆண்டுச் சட்டத்தில வாறது, வருஷத்துக்கு ஒருக்கா காஸ் சேஃப் (காஸ் வேலை செய்யிறவையின்ர பதிவு) பதிவுள்ள ஆள் வந்து பாத்து, 28 நாளுக்குள்ள அதின்ர கொப்பியை குடியிருக்கிறவைக்குக் குடுக்க வேணும். (இந்தப் பதிவை இப்பவும் சிலர் கோர்கி எண்டு பழைய பேரால சொல்லுவினம், அது 2009ல மாறிட்டுது.) பொயிலர் அண்டைக்கு நல்லா இருந்தது எண்டு அந்தப் பேப்பர் சொல்லும், மார்கழி மாசம் நடுச்சாமத்தில புகைக் குழாய்க்குள்ள குருவிக்கூடு அடைச்சா பேப்பர் எழும்பிக் கத்தாது.

ஸ்கொட்லாந்து, வேல்ஸிலயும் இதே கதையோ? மகன் வேல்ஸில, கார்டிஃப்ல

இல்லை, அங்க இதை விடக் கடுமை. ஸ்கொட்லாந்தில 2022 பெப்ரவரி 1ல இருந்து வாடகை வீடு மட்டுமில்ல, எல்லா வீட்டுக்கும்: இருக்கிற அறையில ஸ்மோக், ஒவ்வொரு ஹோல் லாண்டிங்கிலயும் ஸ்மோக், குசினியில ஹீற் அலாம், எல்லாம் ஒண்டோடொண்டு தொடுத்திருக்க வேணும், ஒண்டு அடிச்சா எல்லாம் அடிக்கும். வேல்ஸில 2022 டிசம்பர் 1ல வாடகைச் சட்டமே மாறினது, வாடகை வீட்டில ஒவ்வொரு மாடிக்கும் கரண்டில நேரா பூட்டின, தொடுத்த ஸ்மோக் அலாம், காஸ், எண்ணெய், விறகுச் சாமான் இருக்கிற அறைக்கு சிஓ அலாம். உங்கட மகன்ர வீட்டில பற்றரி அலாம் மட்டும் தனித்தனியா இருக்கெண்டா கேக்க வேண்டிய விஷயம்தான்.

இந்த சிஓ எண்டது உண்மையில என்ன? காஸ் மணம் மாதிரி மணக்காதோ?

மணக்காது, நிறமில்ல, கண் எரியாது, அதுதான் வில்லங்கம். காஸ் சிலிண்டர் மணக்கிறது அதுக்குள்ள மணத்துக்கெண்டே ஒரு சாமான் கலக்கிறதால. சிஓ எண்டது எரியிற சாமானுக்கு போதுமான காத்து கிடைக்காத இடத்தில உண்டாகிறது. மூச்சோட உள்ளுக்குப் போய் இரத்தத்தில ஒக்சிசன் இருக்க வேண்டிய இடத்தில ஒட்டிக்கொள்ளும், ஒக்சிசனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா.

தலையிடி, தலைச்சுத்து, வயித்துப் பிரட்டல், உடம்பு சோர்வு. காய்ச்சல் இல்லாத ஃபுளு மாதிரி. வீட்டில உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில வருது, பூனை கூட சுருண்டு படுத்திருக்கு, வெளியில போனா சுகமாகுது, திரும்பி வந்தா தொடங்குது எண்டா அது சளி இல்லை. லண்டன் குளிருக்கு எங்கட சனம் யன்னல் கதவு எல்லாம் அடைச்சு, காத்துப் போற ஓட்டைக்கும் பேப்பர் செருகி வச்சிட்டு தலையிடிக்கு பனடோல் போட்டுப் படுக்கிறதைக் கண்டிருக்கிறன், அந்த ஓட்டை சும்மா விட்டதில்ல ஐயா.

அலாம் வாங்கேக்க பிஎஸ் இஎன் 50291 எண்டு அடிச்சிருக்கோ பாருங்கோ. அந்தத் தரத்தில உள்ளது காத்தில பத்து லட்சத்தில 50 பங்கு சிஓ இருந்தா ஒண்டு ஒண்டரை மணித்தியாலத்தில அடிக்கும், 300 பங்கு எண்டா மூண்டு நிமிஷத்துக்குள்ள. ஸ்மோக் அலாமுக்கு இஎன் 14604.

சிஓ அலாம் அடிச்சா?

ஏலுமெண்டா சாமானை நிப்பாட்டி, யன்னல் கதவைத் திறந்து, எல்லாரும் வெளியில. வெளியில நிண்டு காஸ் எமர்ஜென்சி 0800 111 999. ஆருக்கும் சுகமில்லை எண்டா அம்புலன்ஸுக்கு 999. திரும்ப உள்ளுக்குப் போய் செருப்பு எடுக்கிற வேலை வேண்டாம்.

கொழும்பில வாடகை வீட்டுக்கு இப்பிடி ஒண்டும் இல்லையோ?

இங்க வாடகை எண்டா எங்கட சனத்தின்ர வாயில வாறது 1972ம் ஆண்டு 7ம் இலக்க வாடகைச் சட்டம், அது வாடகைக் காசையும் ஆளை எழுப்புறதையும் பற்றினது, அலாம் பற்றி அதில தேடாதைங்கோ. பெரிய தொடர்மாடிகளில கொறிடோரில அலாம், ஹோஸ், வெளியேறுற படி எல்லாம் இருக்கும், உங்கட கதவுக்கு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு குடிபோக முதல் நீங்கள்தான் அண்ணாந்து பாக்க வேணும்.

பயம் இங்க வேற விதம். 2021 கடைசியில நாடு முழுக்க சிலிண்டர், அடுப்பு வெடிச்ச நேரம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், சிலிண்டரை பல்கனியில தள்ளி வச்சிட்டுப் படுத்த நாளுகள். அதுக்கு சிஓ அலாம் உதவாது, அது காஸ் கசிவைப் பிடிக்காது. சிலிண்டர் காஸ் காத்தை விடப் பாரம், நிலத்தோட படுக்கும், அதைப் பிடிக்கிற அலாம் வேற, நிலத்துக்குக் கிட்டப் பூட்டுறது.

சிஓ வாறது ஜெனரேற்றரால. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில எங்கட பக்கத்து அனெக்ஸில பல்கனிக் கதவை அரைவாசி சாத்தி, அதுக்கு வெளியில சின்ன ஜெனரேற்றரை ஓட விட்டு, உள்ளுக்கு ஃபானைப் போட்டுப் படுத்தவை. சத்தம் கேக்குதெண்டு கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினவை. விடியப்புறம் தலையிடியோட எழும்பினது நல்ல காலம். ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளயோ கராஜுக்குள்ளயோ யன்னலடியிலயோ வைக்காதைங்கோ, படுக்கிற அறையில ஒரு சிஓ அலாம் வையுங்கோ. கொழும்பில தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990.

நான் என்ர அனெக்ஸை வாடகைக்குக் குடுக்கேக்க நொத்தாரிசுக்குச் சொல்லி ஒரு வரி சேர்த்தன், "அறைகளுக்கு வெளியே ஒரு புகை அலாரம் உண்டு, வேலை செய்கிறது, பழுதானால் உரிமையாளர் மாற்றுவார்" எண்டு. நொத்தாரிஸ் பேனையை வச்சிட்டு என்னைப் பாத்தார், இது என்ன சேர் புதுசா எண்டு. தண்ணி பில், கரண்ட் பில் வரிக்குக் கீழ இப்ப அது இருக்கு.

மகள் லண்டன்ல வாடகைக்கு இருக்கிறா, மேல்மாடியில அலாம் இல்லை. வீட்டுக்காரர் எங்கட சொந்தக்காரர், கவுன்சிலுக்குச் சொல்ல மனமில்லை

எடுத்தவுடன கவுன்சிலுக்குப் போகத் தேவையில்ல. கனபேர் வேணுமெண்டு செய்யிறதில்ல, தெரியாது அவ்வளவுதான், நானும் அப்பிடித்தான் இருந்தனான். ஆனா சொல்லுறதை எழுத்தில சொல்லச் சொல்லுங்கோ, பழுதைத் திருத்த வேண்டிய கடமை சொன்ன நேரத்தில இருந்துதான் தொடங்குது. இப்பிடி ஒரு மெசேஜ் போதும்:

"வணக்கம் சித்தப்பா, சுகமோ. மேல லாண்டிங்கில ஸ்மோக் அலாம் இல்லை, குசினியில பொயிலருக்கு சிஓ அலாமும் காணேல்ல. ஸ்மோக் அலாம் 2015ல இருந்தும் பொயிலருக்கு சிஓ அலாம் 2022ல இருந்தும் வீட்டுக்காரர் போட வேணுமாம். வாற சனி ஞாயிறு நான் வீட்டிலதான், ஆரையும் அனுப்பினா கதவு திறந்து விடுவன். சித்தியைக் கேட்டதாச் சொல்லுங்கோ."

ரெண்டு கிழமை பாருங்கோ. பதில் இல்லாட்டி அதே மெசேஜை ஈமெயிலிலயும் போடச் சொல்லுங்கோ, அதுக்கும் ஒண்டும் நடக்காட்டித்தான் கவுன்சில். ரெண்டிலயும் போட்டோ சேர்த்து அனுப்ப வேணும், லாண்டிங் சீலிங் முழுக்கத் தெரியிற மாதிரி எடுத்து.